அடைப்புக்குறிக்குள் ஒரு வாத்து

வாத்து வாயைத் திறந்தது. கழுத்தை நீட்டி, இறக்கையைக் கொஞ்சம் தூக்கி, உடம்பிலிருந்த காற்றையெல்லாம் ஒன்று திரட்டிக் கத்தியது. திரையின் அடியில் வெள்ளை எழுத்தில் [இசை] என்று வந்தது.

"வாத்து பாட்டு படிக்குதாடா?" என்று கேட்டாள் அம்மா.

அவன் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வாத்து இரண்டாவது படிக்கு வந்தது. விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தது. இறங்குவதா வேண்டாமா என்று குடும்பத்தோடு கலந்து பேசுவதுபோல் இரண்டு பக்கமும் திரும்பியது. மறுபடி வாயைத் திறந்தது. [இசை]. மூன்றாவது படி. [இசை]. கடைசிப் படியில் கால் வழுக்கி, உருண்டு, எழுந்து உட்கார்ந்து, தன்னைத் தள்ளிவிட்ட படியைத் திரும்பிப் பார்த்து மிக நீளமாக ஏதோ சொன்னது. நிச்சயமாக அது அச்சில் ஏற்றக்கூடியது அல்ல. [இசை].

"எல்லாத்துக்கும் இசை, இசைன்னு போட்டு வச்சிருக்கான். எந்தச் சோம்பேறி எழுதினானோ. அவனைச் சொல்லி என்ன, பெத்தவளைச் சொல்லணும்."

சோம்பேறி டீயைக் குடித்தான்.

அவன் வேலை அதுதான். இணையத்தில் வரும் குறும்படங்களுக்கும் கோமாளித்தனமான வீடியோக்களுக்கும், காது கேட்காதவர்கள் பார்ப்பதற்காக, அடியில் எழுத்துப் போடுகிற ஒரு நிறுவனம். மனிதர்கள் பேசுவதை எழுத ஓர் ஆள். அவன் பெயர் அலுவலகத்தில் 'வசனம்'. மற்ற சத்தங்களை எழுத இவன். கதவு சாத்துவது, நாய் குரைப்பது, பாத்திரம் விழுவது என எதுவாக இருந்தாலும் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பதால் இவன் பெயர் 'அடைப்பு'. கீழே டீக்கடை வைத்திருப்பவர் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, தண்ணீர் போகாத தன் தொட்டியை ஒருநாள் காட்டினார். அவனும் குனிந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டான். விளக்கிச் சொல்ல அன்றைக்குத் தெம்பு இல்லை.

சொந்தக்காரர்களுக்கு இந்த வேலை புரிந்ததே இல்லை. "வேலைக்குப் போய் வீடியோ பாக்குறதுக்குச் சம்பளமா? கரும்பு தின்னக் கூலியாடா!" என்றார் சித்தப்பா. அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவர், விடியற்காலை ஷிஃப்டில் தொடங்கி சாயங்காலம் வரை இடைவிடாமல் கரும்பு தின்று பார்த்ததில்லை என்பது உறுதி. அதனால் அவன் அம்மாவிடம் "கம்ப்யூட்டர்ல எழுத்து வேலை" என்று மட்டும் சொல்லியிருந்தான். மீதியை ஒருநாள் போனைக் காட்டி, இது நான் எழுதியதுதான் என்று சொல்லி, அசத்தலாம் என்று வைத்திருந்தான். அப்படி அசத்துவதற்கு ஒரு காலம் இருந்தது.

அப்போது உலகம் முழுக்க வேலையற்றவர்கள் இவனுக்காகவே உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாமா தன் வீட்டு மிக்ஸியோடு ஜோடிப் பாட்டுப் பாடினார்; மிக்ஸிக்கு மேல்ஸ்தாயி. ஒரு கல்லூரிப் பெண் ஜோடி தொலைந்த காலுறைகளை மட்டும் வைத்து ஒரு காதல் கதை எடுத்திருந்தாள். ஜோடியோடு இருக்கிற காலுறைகள் எல்லாம் அதில் வில்லன்கள். இன்னொருவர் ஒரு கூடை உருளைக்கிழங்கை வரிசையாக வைத்து, எதற்கு யாருடைய முகச்சாயல் என்று ஒரு சொல்கூடப் பேசாமல் ஆராய்ந்தார். இவ்வளவு வீணான காரியத்தை இவ்வளவு அக்கறையாகச் செய்கிறார்களே என்று அவனுக்கு மனசு நிறைந்துபோகும். ஓர் அடைப்புக்குறிக்குள் இரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அந்த இரண்டு சொல்லுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பான். [கதவு அழுகிறது] என்று ஒன்று எழுதினான். அதை வீட்டில் பார்த்த அன்று அம்மா, "இதை எழுதினவனைப் பெத்தவ வயிறு குளிரட்டும்" என்று சொல்லிவிட்டு, இவன் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

அந்த அடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மா நூற்பாலையில் வேலை பார்த்தவள். அந்தக் கூடத்து இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்தவில்லை. வாயைப் பெரிதாக அசைத்தார்கள். எதிரே இருப்பவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். மாமியார் கொடுமை முதல் சூப்பர்வைசரின் தொப்பை வரை எல்லாம் அப்படியே பேசப்பட்டது. சூப்பர்வைசரின் தொப்பை சூப்பர்வைசர் நிற்கும்போதே பேசப்பட்டது. சிரிப்புக்கும் அங்கே சத்தம் இல்லை என்பதால், சிரிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவளை அடிப்பது வழக்கம். சுமாரான நகைச்சுவைக்கு விரல் நுனி. நல்ல நகைச்சுவைக்கு உள்ளங்கை. ஆலை ஒருநாள் அவளுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியது. காதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடிக்கிற கை மட்டும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது.

காதில் மாட்டும் கருவி ஒன்று வாங்கினார்கள். "காதுக்குள்ள கரப்பான் ஓடுற மாதிரி இருக்கு" என்று அவள் அதைக் கழற்றி, கத்தரிக்கோலும் நூல்கண்டும் இருக்கிற இழுப்பறையில் போட்டுவிட்டாள். அது இல்லாமல் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும், மூன்று தெரு தள்ளி நடப்பதைக்கூட உதட்டிலிருந்து பிடுங்கிவிடுவாள். தன் குரல் தனக்கே கேட்காததால் அவள் பேச்சுக்கு அளவு கிடையாது என்பது ஒன்றுதான் பிரச்சினை. "ரகசியம் ஒண்ணு சொல்றேன்" என்று அவள் ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைப்பார்கள்.

படத்தில் மனிதர்கள் பேசினாலும் அப்படித்தான். உதடு தெரிந்தால் போதும். ஆனால் வாத்துக்கு உதடு இல்லை. கதவுக்கும் மிக்ஸிக்கும் உதடு இல்லை. அவளுக்குப் பிடித்த வீடியோக்களில் பாதிக்கு மேல் உதடில்லாதவர்கள்தான் கதாநாயகர்கள். அங்கே மட்டும் அவளுக்கு அந்த அடைப்புக்குறி வேண்டியிருந்தது.

பிறகு அலுவலகத்துக்கு மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளை என்பது ஒரு மென்பொருள். சத்தத்தைக் கேட்டுத் தானே எழுதும் என்று பெரிய இடத்திலிருந்து கொண்டுவந்து இறக்கினார்கள். வந்த நாளிலிருந்து அதற்குத் தனி ஏசி அறை. அது சொன்னால் குறுக்கே பேசக் கூடாது. அது செய்கிற தப்பையெல்லாம் மற்றவர்கள் வெளியே தெரியாமல் துடைக்க வேண்டும். அதுவோ நாள் முழுக்க ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெயரை யாரும் வைக்கவில்லை, தானாக அமைந்துவிட்டது.

அந்த ஒரு வார்த்தைதான் 'இசை'. மழை பெய்தால் இசை. குக்கர் விசிலடித்தால் இசை. ஒருவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினால் அதுவும் இசை. சோதித்துப் பார்க்க ஒருமுறை உண்மையான வயலின் வாசிப்பைக் கொடுத்தார்கள். [தண்ணீர்க் குழாய்] என்று வந்தது.

மாப்பிள்ளை எழுதியதைத் திருத்துவது இப்போது இவன் வேலை. திருத்த வேண்டாம் என்றால் எண்டரைத் தட்டினால் போதும், அடுத்தது வந்துவிடும். திருத்த உட்கார்ந்தால் திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கோடு வளரும். கோடு வளர்ந்தால் 'தரம்' என்று அழைக்கப்படும் தரக்கட்டுப்பாட்டு மேடம் தன் கண்ணாடி அறையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பார். இவனும் கொஞ்ச காலம் கோட்டோடு மல்லுக்கட்டினான்.

"மச்சான், மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசி எந்த மச்சான் நல்லா இருந்திருக்கான்?" என்றான் வசனம்.

நியாயமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை 'இசை' என்றார், அவனும் இசைந்தான்.

அதன் பிறகு நாட்கள் எண்டரால் ஆனவையாக மாறின. ஹெட்போனின் பஞ்சுறை உரிந்து கருப்புச் செதிலாக உதிர்ந்து காதுமடலில் ஒட்டிக்கொள்ளும். வசனம் சொல்லும் நகைச்சுவைக்கு முகம் தானாக ஓர் எண்டரைத் தட்டும். பஸ்ஸில் குழந்தை அழுதால் [குழந்தை அழுகை] என்று மனசுக்குள் ஓடும். அதற்கு மேல் ஒன்றும் ஓடாது. ஒரு வாத்து நான்கு படி இறங்க நான்கு விதமாக முறையிடுகிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை, காதில் விழத்தான் செய்தது. விழுந்ததை எடுத்துத் தூசி தட்டிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

வீட்டில் அம்மாவின் பக்கத்தில் உட்காருவான், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவான். அடி விழுவது குறைந்தது. உள்ளங்கை விரல் நுனியானது. பிறகு அதுவும் நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையில், கட்டெறும்பும் ஒருநாள் கிளம்பிப் போய்விட்டது.

இன்றைக்கு அம்மா போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு இது போதும்டா. இந்தப் போனை உன் சித்திக்குக் குடுத்துடு. அவளுக்குத்தான் காது கேக்குது, அவ பாக்கட்டும்."

"ஏம்மா? பொழுது போகணும்ல?"

"மூஞ்சியைப் பாத்துப் பேசு, அந்தப் பக்கம் திரும்பிப் பேசினா எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் திரும்பிச் சொன்னான். "பொழுது போகணும்ல."

"பொழுது எனக்காகவா காத்திருக்கு? அது பாட்டுக்குப் போவும். நான் வெளக்கு வைக்கிற நேரத்துக்கே படுத்துடுறேன். அந்த வாத்து வாயைத் தொறக்கும்போதெல்லாம் என்னமோ சொல்ல வருது. எல்லாருக்கும் சொல்லுது, எனக்கு மட்டும் இசைங்குறான். கேக்காத காதுலயும் பூ சுத்துறானுங்க." எழுந்து போனவள் திரும்பி நின்று அவன் காதைப் பார்த்தாள். "கம்ப்யூட்டர் வேலைன்னா காதுல ஏன்டா கரி?"

அவன் காதைத் துடைத்துக்கொண்டான். அவள் உள்ளே போய்ப் படுத்தாள். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. அவன் குளிர்ந்துபோன டீயோடு உட்கார்ந்திருந்தான். நாளெல்லாம் அவனுக்கென்று இருந்தது அம்மாவோடு போன் பார்க்கிற இந்த ஒரு மணி நேரம்தான். அதையும் அவன்தான் எண்டரைத் தட்டி அனுப்பிவிட்டான் என்பது, களைத்த மூளைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. காது கேட்கிறவனுக்கே எல்லாம் தாமதமாகத்தான் கேட்கிறது.

மறுநாள் காலை வரிசையில் முதலாவதாக ஒரு நாற்காலி வந்தது.

யாரோ ஓர் இளைஞர் எடுத்த குறும்படம். அதில் மனிதர்களே இல்லை. சக்கரம் வைத்த பழைய அலுவலக நாற்காலி ஒன்றைக் குப்பைத்தொட்டியின் பக்கத்தில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறது. பிறகு தானாக உருண்டு வேலைக்குக் கிளம்புகிறது. வழியெல்லாம் அதன் ஒரு சக்கரம் கிறீச்சிடுகிறது. அந்தக் கிறீச்சல்தான் படத்தின் மொத்த வசனமும். மேட்டில் ஏறும்போது ஒரு மாதிரி, இறக்கத்தில் ஓடும்போது ஒரு மாதிரி, தெரு நாயைக் கண்டு நிற்கும்போது இன்னொரு மாதிரி. நாய் ஒருமுறை குரைக்கிறது. பிறகு யாரைப் பார்த்துக் குரைத்தோம் என்று அதற்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் [இசை] போட்டு அனுப்பியிருந்தார்.

அவன் விரல் எண்டரின் மேல் இருந்தது. பழக்கத்தில் பாதி அழுத்தியும்விட்டது. நாற்காலி ரோட்டின் நடுவில் நின்று கிறீச்சிட்டது. அதற்கும் உதடு இல்லை.

விரலை எடுத்தான்.

முதல் கிறீச்சலுக்கு [ஒற்றைச்சக்கரக் கிறீச்சல்] என்று போட்டான். சரியாக இரண்டு சொல். மேட்டில் ஏறும் கிறீச்சலுக்கு [மேட்டில் ஏற மூச்சுவாங்கும் கிறீச்சல்] என்று எழுதியதும் கட்டம் சிவந்தது. சொல் அதிகம். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மென்பொருள் சொல்லை எப்படி எண்ணும்? இடைவெளியை எண்ணும். அதற்கு வேறென்ன தெரியும்? தமிழோ, சொற்களைத் தோளில் கை போட்டுக்கொள்ள விடுகிற மொழி. பள்ளியில் புணர்ச்சி விதி சொல்லிக்கொடுத்தவர் அதன் பெயரைச் சொன்னதுமே வகுப்பு சிரித்துவிட்டதால் பாதிதான் நடத்தினார். அந்தப் பாதியே போதும் என்று தோன்றியது. இடைவெளிகளை எல்லாம் அழித்தான்.

[மேட்டிலேறமூச்சுவாங்குங்கிறீச்சல்]

கட்டம் பச்சையானது. ஒரே சொல். இன்னும் ஒரு சொல் பாக்கிகூட இருந்தது.

அதன் பிறகு அவன் கொஞ்சம் எல்லை மீறினான் என்றுதான் சொல்ல வேண்டும். இறக்கத்துக்கு [பிரேக்கில்லாக்கிறீச்சல்]. நாய்க்கு [நாய்க் குழப்பம்]. லிஃப்ட் நாற்காலியை உள்ளே விடாமல் கதவைச் சாத்துமிடத்தில் [முகத்திலறைந்துமூடுங்கதவு]. கடைசியில் நாற்காலி எப்படியோ தன் மேசைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே சத்தமே போடாத ஒரு புது நாற்காலி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பழையது அரைவட்டம் திரும்பி, மிகச் சன்னமாக ஒருமுறை கிறீச்சிடுகிறது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டான். மூலையில் சிவப்புக் கோடு வளர்ந்து பாதித் திரைக்கு வந்துவிட்டது.

"டேய் அடைப்பு, கோடு ரோடு மாதிரி நீளுதுடா. உடம்பு சரியில்லையா?" என்றான் வசனம்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுதினான்: [வேலைபோனபின்னும்வேலைக்குவந்துவிட்டநாற்காலியின்வெட்கக்கிறீச்சல்]. பச்சை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா படுக்கையை உதறிக்கொண்டிருந்தாள். போன் சார்ஜரோடு சுற்றப்பட்டு, சித்தி வீட்டுக்குப் போகத் தயாராகப் பையில் இருந்தது. அதை எடுத்து, அன்றைக்கே இணையத்தில் ஏறிவிட்டிருந்த தன் படத்தைத் தேடிப் பிடித்து, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தான்.

"ஒண்ணே ஒண்ணும்மா. பாத்துட்டுக் குடுத்துடலாம்."

"வாத்தா?"

"நாற்காலி."

"நாற்காலியும் பாடுதாமா?" என்றாள். ஆனாலும் வந்து உட்கார்ந்தாள்.

குப்பைத்தொட்டி வந்தது. [ஒற்றைச்சக்கரக் கிறீச்சல்]. அம்மா குனிந்து படித்தாள். மேடு வந்தது. அந்த நீளச் சொல்லை உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கப் படித்து முடித்தாள். அவள் படித்து முடித்தபோது நாற்காலியும் மேட்டை ஏறி முடித்திருந்தது. நாய் குரைத்துவிட்டு யோசித்தது. [நாய்க் குழப்பம்]. அவன் தோளில் விரல் நுனி பட்டது.

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அசைந்தால் பறந்துவிடும்போல் இருந்தது.

லிஃப்ட். மேசை. புது நாற்காலி. பழையது திரும்பியது. வெட்கக்கிறீச்சல் மூன்று வரியாக மடிந்து, அந்தச் சின்னத் திரையில் நாற்காலியை இடுப்பு வரைக்கும் மறைத்துக்கொண்டு நின்றது.

"நாற்காலி எங்கடா? எழுத்துதான் தெரியுது" என்று அவள் முறையிடத் திரும்பினாள். திரும்பியவள் அவன் முகத்திலேயே நின்றுவிட்டாள்.

அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தனக்குத் தெரியாமலே அடுத்து வரப்போவதை அவன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். சத்தம் இல்லை, உதடு மட்டும். லிஃப்ட் திறந்து தெரு நாய் உள்ளே வந்து, பழைய நாற்காலியில் ஏறிச் சுருண்டு படுத்தது. திரையில் [வேலை கிடைத்தது] என்று வந்தது. அதை அம்மா ஒரு நொடி முன்பே படித்துவிட்டிருந்தாள், அவன் வாயிலிருந்து.

படம் முடிந்தது. அவள் போனைத் தொட்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். இந்த முறை திரையைப் பார்க்கவில்லை.

"அடுத்தது என்ன வரும்?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"தெரியாதவன் வாய் எதுக்குடா படத்துக்கு முன்னாடி ஓடுது?" அவன் காதுமடலிலிருந்து ஒரு கருப்புச் செதிலை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தாள். "கரி."

அவன் இன்னொரு காதைத் துடைத்துக்கொண்டான்.

முதல் அடி உள்ளங்கையால் விழுந்தது. டப்பா ஆடி, போன் சரிந்தது. அது நாய்க்கும் நாற்காலிக்கும் உரியது என்று அவனுக்குப் புரிந்தது. இரண்டாவது அடி அதே இடத்தில், அதைவிடப் பலமாக விழுந்தது.

"இது வாத்துக்கு" என்றாள் அம்மா. பிறகு சற்று யோசித்து, முகம் மாறி, "பாவி, நேத்து என்னையே திட்ட வச்சுட்டியேடா!" என்றாள். பக்கத்து வீட்டில் டிவியின் சத்தம் குறைந்தது.

அடுத்த நாள் தரம் மேடம் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். திரையில் வெட்கக்கிறீச்சல் மூன்று வரிக்கு நீண்டு நின்றது.

"இது ஒரு வார்த்தையா?"

"இலக்கணப்படி ஒண்ணுதான் மேடம்."

"இலக்கணம் என்ன ரப்பர் பேண்டா, நீங்க இழுக்குற வரைக்கும் வர்றதுக்கு?" அவரும் களைத்துத்தான் இருந்தார், கோபத்தைக்கூட உட்கார்ந்தபடியே காட்டினார். "படிச்சு முடிக்கிறதுக்குள்ள படம் முடிஞ்சிடுது. படத்தையும் மறைக்குது. இனிமே வார்த்தைக்கு மட்டும் இல்ல, எழுத்துக்கும் வரம்பு. உங்களால ஆபீஸ் முழுக்க ஒரு புது விதி. சந்தோஷமா?"

"ஸாரி மேடம்."

"இந்த நாய்க் குழப்பம்னா என்ன சத்தம்?"

"ஒரு தடவை குரைச்சிட்டு, எதுக்குக் குரைச்சோம்னு யோசிக்கிற சத்தம் மேடம்."

அவர் ஹெட்போனை மாட்டி, அந்த இடத்தை மட்டும் ஒருமுறை கேட்டார். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. "அது மட்டும் இருக்கட்டும்" என்றார். "மத்ததெல்லாம் சுருக்குங்க. கோட்டையும் பாத்துக்குங்க."

அவன் இடத்துக்கு வந்து சுருக்கினான். வெட்கக்கிறீச்சல், வெட்கக்கிறீச்சலாக மட்டும் நின்றது. நாற்காலி இடுப்புக்குக் கீழேயும் தெரிந்தது; உண்மையைச் சொன்னால் அப்படித்தான் நன்றாக இருந்தது. பிறகு வரிசையில் அடுத்ததை எடுத்தான். மாப்பிள்ளை இசை என்றார். அவன் பெருமூச்சு விட்டு, அழித்து, இரண்டு சொல் தேடினான். அதற்கடுத்ததில் தேடினான். மதியத்துக்கு மேல் சிலவற்றில் தேடவில்லை, எண்டரைத் தட்டினான். மனிதன்தானே. வசனம் அவன் கோட்டைப் பார்த்துவிட்டு, "இப்பதான் மச்சான் உனக்கு உடம்பு சரியாயிருக்கு" என்றான்.

சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே போன் சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருந்தது. அம்மா உட்கார்ந்திருந்தாள். திரையில் வாத்து முதல் படியில் உறைந்து நின்றது.

"செருப்பையாச்சும் கழட்டிக்கிறேன்மா."

"கழட்டிட்டு வா. முதப் படில அது என்ன சொல்லுச்சு?"

"அது போன மாசமே போயிடுச்சும்மா. இப்ப மாத்த விட மாட்டாங்க."

"அவனுங்க கிடக்குறானுங்க. நீ எனக்குச் சொல்லு. வாயைப் பாத்துக்குறேன்."

அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முதுகு வலித்தது. நாளெல்லாம் கேட்ட காது இரண்டும் சூடாக இருந்தன. அம்மா வாத்தை ஓடவிட்டாள். அவன் சத்தம் இல்லாமல், ஆலைக்காரர்கள்போல வாயைப் பெரிதாக அசைத்தான்.

இறங்க மாட்டேன் போங்கடா.

விரல் நுனி.

இரண்டாவது படி. யாராவது தூக்கி விடுங்களேன், புண்ணியமாப் போகும்.

அவள் தோள்கள் குலுங்கின.

மூன்றாவது படி. நான் எதுக்கு மேல வந்தேன்?

வாத்து வழுக்கி, உருண்டு, நிமிர்ந்து, படியைத் திரும்பிப் பார்த்தது. அவன் நிறுத்திக்கொண்டான்.

"இது அச்சுல வராதும்மா."

"வாயில வரும்ல?"

ஜன்னலைப் பார்த்துவிட்டு, சத்தம் இல்லாமல் சொன்னான். முழுசாக, வாத்து சொன்ன நீளத்துக்கு, ஒன்றையும் விடாமல் சொன்னான். பெற்ற தாயிடம் அப்படி ஒரு வார்த்தையை எந்த மகனும் சொல்லியிருக்க மாட்டான். உள்ளங்கை வந்து விழுந்ததில் அவன் நாற்காலியே ஒரு சாண் நகர்ந்து கிறீச்சிட்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்தது அந்த உருளைக்கிழங்குக்காரரோட புதுப் படம். அதுல நடுவுல அவரு ஒரு கிழங்கைக் கீழ போடுறாரு, அங்க ஒரு இசை போட்டிருக்க. அப்புறம் அந்தக் குக்கர். அப்புறம் மழைல நனையுற ஸ்கூட்டர்..." அவள் மனசில் வரிசையாக வைத்திருந்தாள். இத்தனை நாள் அவன் தட்டிய எண்டர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வாசலில் நின்றன. ஒரு ஷிஃப்ட் முடிந்து இன்னொரு ஷிஃப்ட். இதற்கு மாப்பிள்ளையும் கிடையாது, சிவப்புக் கோடும் கிடையாது.

"கொஞ்சம் இரும்மா. கண்ணு மட்டும் மூடித் திறக்குறேன்."

தலையைச் சாய்த்தான். நாற்காலி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. தூக்கத்தின் முதல் படியில் வாத்துபோல ஒரு நொடி தயங்கினான். பிறகு நேராகக் கீழே உருண்டான். வாய் திறந்துகொண்டது. அதிலிருந்து என்ன வந்ததோ, அது அம்மாவுக்குக் கேட்கவில்லை. திறந்த வாயை மட்டும் அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

போனை அணைத்தாள். அவன் தோளில் விரல் நுனியால் தொட்டாள். பிறகு அவனை எழுப்பிவிடக் கூடாதே என்று, தன் கணக்கில் மிக ரகசியமாகச் சொன்னாள். தெருவே கேட்டது:

"இசை."